நாலு ஞாயிறு, 3,500 ரூவா: ஹாஸ்கெல் புரோகிராமை ‘படிக்க’ மட்டும் சொல்லித்தர்ற ஒரு கோவை கிளாஸ்

கிளாஸ் பேர் என்னன்னு கேக்காதீங்க, போர்டே கிடையாது. நடத்தறவரும் "நெட்ல பேரைப் போட்றாதீங்க, எட்டுப் பேருக்கு மேல உக்கார எடமில்ல"ன்னுட்டாரு. கணபதி பக்கம், ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேல்மாடி. ஞாயித்துக்கிழமை கடை பூட்டித்தான் இருக்கும், ஆனா வார்னிஷ் வாசம் படியேறி நம்ம கூடவே வந்து உக்காந்துக்கும். மொத நாள் தலைவலி, ரெண்டாவது வாரத்துல இருந்து பழகிப்போச்சு.

எதுக்கு போனேன்னு சொல்லிர்றேன், அப்பத்தான் இது உங்களுக்கு ஆகுமா ஆகாதான்னு தெரியும். திருப்பூர்ல வீடு, சரவணம்பட்டில வேலை, ஒம்பது வருசமா ஜாவால புரோகிராம் எழுதறேன். தை மாசம் எங்க டீம்ல ஒருத்தர் பேப்பர் போட்டுட்டு போனாரு, போறப்ப அவர் மட்டுமே பாத்துட்டு இருந்த பில்லிங் சர்வீஸ் என்ற தலைல வந்து விழுந்துச்சு. ஆறாயிரம் வரி, மொத்தமும் ஹாஸ்கெல்ங்கற புரோகிராமிங் மொழி. ரெண்டு நாள் கேடி (வேலைய ஒப்படைக்கற பாடம்) குடுத்தாரு, ரெண்டு நாளும் நான் தலைய ஆட்டுனேன், மூணாவது நாள் ஃபைலைத் தொறந்தா ஏதோ கோலம் போட்டு வெச்ச மாதிரி ஒரே புள்ளியும் டாலரும் அம்புக்குறியும். ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்யச் சொல்ற ஒரு ஃபார் லூப் கண்ணுல படுமான்னு தேடுனேன், ம்ஹூம்.

இந்த கிளாஸுக்கு வர்றதுக்கு முன்னால ஆன்லைன்ல ஏழாயிரத்து சொச்சம் கட்டி ஒரு கோர்ஸும் பாத்தேங்க. நல்ல வீடியோதான், குறை சொல்லல, ஆனா ஃபேக்டோரியல் எழுது, ஃபிபோனாச்சி எழுது, க்விக்சார்ட்டை ரெண்டு மூணு வரில எழுதிக் காட்டறேன் பாருன்னு பூராவும் எழுதறதுதான். அடுத்தவன் எழுதி வெச்சுட்டுப் போன ஆறாயிரம் வரிய எந்தப் பக்கம் இருந்து பிரிக்கறதுன்னு அதுல ஒரு வார்த்தை இல்ல. எனக்கு ஹாஸ்கெல் எழுதணும்னு ஆசையே இல்ல சாமி, ஜிஎஸ்டி ரவுண்டிங் எந்த எடத்துல தப்பாகுதுன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்.

சரி, கிளாஸுக்கு வருவோம். சொல்லித்தர்ற அண்ணன் முன்னால திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் பண்ணிட்டு இருந்தவரு. அதனால அவர் வாயில வர்ற உதாரணம் எல்லாமே பனியன் உதாரணம். மொத நாள் போர்டுல ஹாஸ்கெல் எதுவும் எழுதல. நூல், நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங்னு வரிசையா எழுதிட்டு, "ஒரு யூனிட்டுக்கு மூட்டை வருது, கூடவே என்னங்க வரும்?"னு கேட்டாரு. திருப்பூர்க்காரன் நான் இருக்கறப்ப வேற யாரு சொல்லுவா, டிசிங்கன்னு சொன்னேன். டெலிவரி சலான். என்ன உள்ள வந்துச்சு, என்னவா வெளிய போகணும்னு அதுல இருக்கும், மூட்டையப் பிரிக்காமயே பாதி விசயம் தெரிஞ்சுரும்.

"ஃபங்ஷனுக்கு மேல ரெண்டு கோலன் போட்டு ஒரு வரி இருக்குதுல்லீங்க, அதுதான் டிசி. டிசியப் படிக்காம மூட்டைல கை வைக்காதீங்க." ஃபங்ஷன்னா இந்த யூனிட் மாதிரி, ஒண்ணை வாங்கி வேற ஒண்ணாக்கித் தர்ற குட்டி புரோகிராம். நாலு வாரத்துல அவர் இருவது முப்பது தடவை சொன்னது இதைத்தான், எனக்கு உபயோகமானதும் இதுதான். ஏன்னா நான் அதுவரைக்கும் எந்த வகை சரக்கு உள்ள வருது, எந்த வகை வெளிய போகுதுன்னு சொல்ற அந்த டைப் வரிய அலங்காரம்னு நினைச்சு தாண்டி தாண்டிப் போயிட்டு இருந்தேன். ஜாவால டைப்பு வரி பூரா ஒட்டிக்கிட்டே கெடக்கும்ல, கண்ணு தானா தள்ளிட்டுப் போயிரும், அந்தப் பழக்கம்.

அப்பறம் ஒரு விளையாட்டு வெச்சாரு, இது நெம்ப நல்லா இருந்துச்சு. ஃபங்ஷன் பேரை மறைச்சு, உள்ளயும் மறைச்சு, டைப்பை மட்டும் காட்டுவாரு, என்ன பண்ணும்னு நாம சொல்லணும். மொதல்ல ஏ -> ஏ. ஏங்கறது எந்த வகையா வேணா இருக்கலாம், அம்புக்கு இடது பக்கம் உள்ள வர்றது, வலது பக்கம் வெளிய போறது. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னோம், ரெண்டால பெருக்கும், சார்ட் பண்ணும், அது இதுன்னு. அவரு சிரிச்சுட்டு, "உள்ள என்ன இருக்குதுன்னே தெரியாத மூட்டை, சீல் வெச்சிருக்குது, பிரிக்கக் கூடாது. என்ன பண்ணுவீங்க?" அப்படியே திருப்பிக் குடுக்கறத தவிர ஒண்ணும் பண்ண முடியாது. பொள்ளாச்சில இருந்து வந்த ஒரு பெரியவர் (ரிட்டயர்டு, பொழுது போகாம வர்றாராம்) "பட்டறையப் பூட்டிட்டு ஓடிப் போயிரலாமுங்க"ன்னாரு. அதுவும் சரிதான்னாரு அண்ணன், புரோகிராம் கிராஷ் ஆகறதும் முடியாம சுத்திக்கிட்டே இருக்கறதும் அந்தக் கணக்குலதான் வரும்னு. இதை ஒரு சித்தாந்தமாவே 1989ல ஃபிலிப் வாட்லர்னு ஒருத்தர் எழுதி வெச்சிருக்காராம், அண்ணன் அதை ரெண்டு நிமிசத்துல சொல்லிட்டு நகந்துட்டாரு, எனக்கும் அது போதும்.

அடுத்து [ஏ] -> மேபி ஏ. லிஸ்ட்டு வருது, ஒண்ணு வெளிய போகுது, இல்லாமயும் போகலாம். மொதல் ஐட்டமா, கடைசியா, மூணாவதா, இல்ல எப்பவுமே ஒண்ணுமில்லன்னு சொல்றதா, இது மாதிரி ஒண்ணாத்தான் இருக்க முடியும், ஏன்னா புதுசா ஒரு ஏவ உருவாக்க அதுக்கு வழியே கிடையாது, வந்த லிஸ்ட்டுல இருந்துதான் எடுத்துக் குடுக்கணும். அதுக்கு முன்னால (ஏ -> பூல்) னு ஒண்ணு சேத்துட்டு, "இப்பங்க?"ன்னாரு. ஈரோட்டுப் பொண்ணு ஒருத்தி, காலேஜ் கடைசி வருசம், டக்குன்னு "தேடறதுங்கண்ணா, ஆமா இல்லைன்னு ஒரு டெஸ்ட் வெச்சு, ஆமான்னு வர்றத எடுத்துக் குடுக்குது"ன்னா. ஃபைண்டுதான் அது. எனக்கு ஒம்பது வருச எக்ஸ்பீரியன்ஸ், எனக்கு வரல. சித்த வெசனமாத்தான் இருந்துச்சு.

ரெண்டாவது வாரம்தான் இந்த கிளாஸோட உயிர், அதை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன். போர்டுல இந்த ஒரே ஒரு வரி:

பாக்கி = சம் . மேப் தொகை . ஃபில்டர் நிலுவையா . கன்கேட்மேப் வரிகள்

இதை எல்லாரும் வாய்விட்டு படிக்கணும்னாரு. நான் இங்கிலீஷ் படிக்கற மாதிரி இடது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சேன், "கூட்டு... அதுல மேப்... தொகை..." அதுக்கு மேல நாக்கு சுத்திக்கிச்சு. "ஏனுங்க, எதைக் கூட்டறீங்க, இன்னும் ஒண்ணுமே வரலயே. வலக்கோடில இருந்து வாங்க, தமிழ்ல சொல்லுங்க." சொன்னேன். ஒவ்வொரு பில்லுலயும் இருக்கற வரிகளை எடுத்து ஒட்டுக்கா ஒரே லிஸ்ட்டா போட்டு, அதுல நிலுவைல இருக்கறத மட்டும் நிறுத்தி, அதுகளோட தொகைய எடுத்து, கூட்டு.

அட, நாம பேசறதே அப்படித்தானுங்களே! அரிசியும் பருப்பும் களைஞ்சு, தாளிச்சு, தண்ணி ஊத்தி, மூணு விசில் விட்டு எறக்குன்னுதான் அம்மா அரிசிம்பருப்புக்கு சொல்லும், எறக்கு விசில் விடு தண்ணி ஊத்துன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வினை கடைசில வர்ற பாசை நம்முளுது, அந்தப் புள்ளி போட்ட வரிய வலக்கோடில புடிச்சா அப்படியே தமிழாகிருது. இங்கிலீஷ்ல யோசிச்சுக்கிட்டு அந்த வரியப் பாத்ததுதான் நான் மூணு மாசமா பண்ண தப்பு. எலிக்சிர், எஃப் ஷார்ப்னு வேற மொழில எழுதறவங்களுக்கு இந்த வம்பே இல்ல, |> னு ஒரு குறி போட்டு இடது பக்கத்துல இருந்தே வரிசையா போயிரலாம். ஹாஸ்கெல்லயும் அப்படி எழுத வழி இருக்குது, ஆனா பழைய ஆளுக புள்ளிலதான் எழுதி வெச்சிருப்பாங்க, நமக்கு வர்றதும் பழைய ஆளுக கோடுதான்.

அப்ப அந்த ஈரோட்டுப் பொண்ணு கேட்டா, "அண்ணா இதுல பில்லே எங்கயும் இல்லீங்களே?" நெசம்தான், அந்த வரில பில்லுங்கற பேரே இல்ல. "டிசியப் பாரு கண்ணு"ன்னு மேல எழுதுனாரு: பாக்கி :: [பில்] -> பணம். யூனிட்டுகளை வரிசையா கோத்து வெச்சாச்சு, மூட்டை இனிமேதான் வரும். அப்பறம், ஃபில்டர்ங்கறது ரெண்டு சரக்கு கேக்கற மெஷினு, ஒரு டெஸ்ட்டும் ஒரு லிஸ்ட்டும், ஆனா டெஸ்ட்டை மட்டும் குடுத்து நிறுத்தியாச்சு. சல்லடைய மாட்டி வெச்சாச்சு, நெல்லு இன்னும் கொட்டல, அவ்வளவுதான். இப்படி ஒவ்வொரு சரக்கா குடுக்க விடற ஏற்பாட்டுக்கு கறியிங்னு பேரு, ஹாஸ்கெல் கறின்னு ஒரு கணக்கு வாத்தியார் பேருல வந்தது, மொழிக்கும் அவர் பேரே. 1990ல மொத ரிப்போர்ட் வந்துச்சாம். பொள்ளாச்சிக்காரர் கறின்னதும் மட்டனான்னு கேட்டாரு, எல்லாரும் சிரிச்சோம், அந்த ஜோக்கை அடுத்த ரெண்டு வாரமும் கேட்டோம்.

டாலர் குறிக்கும் அன்னைக்குத்தான் விமோசனம் கெடச்சுது. அதுக்கு வலது பக்கம் இருக்கற எல்லாத்தையும் ஒரு பிராக்கெட்டுக்குள்ள போட்டதா நினைச்சுக்கங்கன்னாரு. காரணமும் சொன்னாரு, இந்த மாதிரி குறிகளுக்கு, அதாவது ஆபரேட்டருக்கு, 0ல இருந்து 9 வரைக்கும் பலம் இருக்குதாம், புள்ளிக்கு 9, டாலருக்கு 0, ஆனா ஃபங்ஷன் பக்கத்துல சரக்கை சும்மா ஒட்டி வைக்கறதுக்கு இது எல்லாத்தையும் விட பலம் ஜாஸ்தி. அதனாலதான் ‘சம் . மேப் தொகை வரிசை’ன்னு டாலர் இல்லாம எழுதுனா திட்டுது, மேப்பு மொதல்லயே அந்த வரிசைய வாங்கி முழுங்கி லிஸ்ட்டாகிருது, பொறகு புள்ளிக்கு வலது பக்கம் கோக்கறதுக்கு ஃபங்ஷனே இல்ல. இது தெரியாம ஒரு சாயங்காலம் பூரா கம்பைலர்கிட்ட (நாம எழுதுனதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற சாமான்) திட்டு வாங்கியிருக்கேன். புதுசா ஒரு குறியப் பாத்தா ஜிஎச்சிஐல (ஹாஸ்கெல் வரிய அங்கங்கயே தட்டிப் பாக்கற ஜன்னல்) :ஐ போட்டா அதோட பலம் தெரியும், கூகுள்ல குறியப் போட்டு தேடி பிரயோஜனமில்ல, ஹூகுள்னு தனியா ஒண்ணு இருக்குது, அதுல குறியவும் தேடலாம், டைப்பைப் போட்டும் தேடலாம். ஹூகுளை மூணு மாசமா யாருமே என்கிட்ட சொல்லலயேன்னு எரிச்சல் வந்துச்சு.

இந்த எடத்துல என்ற மானத்தையும் வாங்கிக்கறேன். கிளாஸுக்கு வர்றதுக்கு முன்னால ஆபீஸ்ல ஒரு ஃபங்ஷன்ல, லிஸ்ட்டை ஒவ்வொண்ணா சேத்துக்கிட்டே போற ஃபோல்டு எல்லுக்கு பக்கத்துல ஒரு ஒத்தை மேற்கோள் குறி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, போனவர் அவசரத்துல தப்பா தட்டிட்டாருன்னு நினைச்சு நான் அதை அழிச்சு விட்டேன். கம்பைலும் ஆச்சு, டெஸ்ட்டும் பாஸு. கம்பைலர் தானா வேகப்படுத்தற ஆப்டிமைசேஷன் போடாத டெஸ்ட் மெஷின்ல மாசக் கடைசி ஃபைலை ஓட்டுனப்ப மெமரி ஏறுது ஏறுது ஏறிக்கிட்டே போகுது. ஹாஸ்கெல் சோம்பேறி மொழி, கேக்கற வரைக்கும் கணக்குப் போடாது, ‘அப்பறம் கூட்டிக்கலாம்’னு சீட்டு எழுதி எழுதி அடுக்கிட்டே போகும், அந்தக் குட்டிக் குறிதான் அப்பப்ப கூட்டிட்டுப் போன்னு அதட்டற குறி. அண்ணன்கிட்ட சொன்னப்ப சிரிக்கல, "போச்சாது உடுங்க, எல்லாரும் ஒருக்கா அழிச்சவங்கதான்"ன்னாரு. பேருல கூட அந்தக் குறி வரலாம்ங்கறதே ஜாவாக்காரனுக்கு எப்படிங்க தோணும்.

இப்ப குறை.

மொத நாள் ரெண்டு மணி நேரம் இன்ஸ்டால் பண்றதுலயே போச்சு. எட்டு லேப்டாப்பு, ஒரே ஹாட்ஸ்பாட்டு, ஆளாளுக்கு கம்பைலர் டவுன்லோடு. வீட்ல இருந்தே போட்டுட்டு வாங்கன்னு ஒரு வாட்சப் மெசேஜ் போட்டிருந்தா தீந்துருக்கும். 3,500 ரூவால கிட்டத்தட்ட ஐநூறு ரூவா டவுன்லோடு பார்ல ஓடிருச்சு.

அடுத்தது நோட்ஸு. ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாரு, எங்க எடுத்தாரோ டோனர் தீரப் போற மெஷினு போல, புள்ளி விழல! மத்த பாடத்துல புள்ளி விழலன்னா போகட்டும்னு விட்றலாம், இதுல புள்ளிதானுங்களே பாடமே. பேனால நாமளே வெச்சுக்கிட்டோம், எங்க வெக்கறதுன்னு யோசிச்சதே ஒரு பயிற்சியாச்சுன்னு அவரு சமாளிச்சாரு, நான் ஒத்துக்கல.

பெரிய குறை மூணாவது வாரம். மோனாடை, அதாவது ஒரு படியோட விடைய அடுத்த படிக்கு எப்படிக் கோக்கறதுங்கற ஏற்பாட்டை, கடைசி ஒரு மணி நேரத்துல தள்ளி விட்டாரு. பெட்டி, மூட்டைன்னு உதாரணம் ஓட்டுனாரு, மேபிக்கு அது நல்லாவே பொருந்துச்சு, வழில ஒரு யூனிட்டு வெறும் டிசிய அனுப்புனா அதுக்கு அடுத்த யூனிட்டுகள் எதுவும் மெஷினை ஓட்டாது, வெறும் டிசியே கடைசி வரைக்கும் போகும். இப்படி படிகளை வரிசையா எழுதறதுக்குத்தான் டூ பிளாக்குன்னு பேரு. ஆனா அதே டூ பிளாக்கு லிஸ்ட்டுக்கு வந்தா அர்த்தமே வேற, எல்லா ஜோடியும் போட்டுப் பாக்குது, ஐஓவுக்கு (ஃபைல் படிக்கறது, எழுதறது மாதிரி வேலை) வந்தா இன்னொண்ணு. டூன்னு பாத்ததும் எந்த டூன்னு மொதல்ல டைப்புல பாருங்கன்னு எழுந்திருக்கறப்ப சொன்னாரு பாருங்க, அதைச் சொல்லித்தான் ஆரம்பிச்சிருக்கணும். என்ற ஆபீஸ் கோடுல முக்கால்வாசி டூதான், அதுலயும் மூணு நாலு அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தி வெச்சிருக்காங்க, அதுக்கு இந்த கிளாஸ்ல பதிலே கிடையாது. தனியா ஒரு ஞாயிறு வெச்சா இன்னொரு ஆயிரம் ரூவா குடுக்க நான் ரெடி, அவர்கிட்டயும் சொல்லிருக்கேன்.

நாலாவது வாரம், நாங்க யாரும் அதுவரைக்கும் பிரிச்சுப் பாக்காத ஒரு நெச புராஜெக்ட்டு. பாண்டாக். ஒரு ஃபார்மேட்டுல இருக்கற டாக்குமெண்டை இன்னொரு ஃபார்மேட்டுக்கு மாத்தற சாமான், 2006ல இருந்து இருக்குது, எழுத ஆரம்பிச்சவர் ஜான் மெக்ஃபார்லேன், அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல தத்துவப் பேராசிரியர். பெரிய புராஜெக்ட்டு, மெயின்ல இருந்து ஆரம்பிச்சா எந்தக் காலத்துக்கும் முடியாது. அண்ணன் நேரா டேட்டா டைப்பு இருக்கற ஃபைலுக்கு கூட்டிட்டுப் போயிட்டாரு, அது தனிப் பேக்கேஜாவே இருக்குது. டாக்குமெண்ட்டுன்னா பிளாக்குகளோட லிஸ்ட்டு. பிளாக்குன்னா பத்தி, தலைப்பு, மேற்கோள், புல்லட் லிஸ்ட்டு, டேபிள். பத்திக்குள்ள சொல்லு, அழுத்தம், இடைவெளின்னு சின்னச் சின்னது. அவ்வளவுதான், அக்கட்ட ஃபைலைப் படிக்கற ரீடருக எல்லாம் இதை உருவாக்குது, இக்கட்ட வேற ஃபார்மேட்டுல எழுதற ரைட்டருக எல்லாம் இதைத் தின்னுது. அரை மணி நேரத்துல அந்த புராஜெக்ட்டோட எலும்புக்கூடு கைக்கு வந்துருச்சு.

புல்லட் லிஸ்ட்டுக்கு ரெட்டை பிராக்கெட்டு, [[பிளாக்]]. ஏன்னு எங்க எல்லாரையும் கேட்டாரு, டீ ஆறற வரைக்கும் யோசிச்சோம். ஒரு புல்லட்டுக்குள்ள ஒரு பத்தி மட்டும் வராது, ரெண்டு பத்தி வரலாம், அதுக்குள்ளயே இன்னொரு புல்லட் லிஸ்ட்டு வரலாம், அப்ப ஒவ்வொரு புல்லட்டும் ஒரு பிளாக் லிஸ்ட்டு, அதுகளோட லிஸ்ட்டு. பொள்ளாச்சிப் பெரியவர்தான் சொன்னாரு. பிராக்கெட்டை வெச்சே எழுதுனவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு படிக்க முடியுதுங்கறது அன்னைக்கு எனக்கு உறைச்சுது, திங்கக்கிழமை ஆபீஸ் போயி மொத வேலையா எங்க பில்லிங் சர்வீஸ்ல டேட்டா டைப்பு எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதி மானிட்டர் பக்கத்துல ஒட்டுனேன். ரவுண்டிங் எங்க தப்பாகுதுன்னு வியாழக்கிழமை கெடச்சுது. வரிவரியா ரவுண்டு பண்ணிட்டு கூட்டறாங்க, கூட்டிட்டு ரவுண்டு பண்ணியிருக்கணும், அதாவது புள்ளிக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டியது அந்தப் பக்கம் இருந்துச்சு.

ஒரு விசயத்துல மட்டும் அண்ணன் கூட இன்னமும் சண்டை. எக்ஸ், எக்ஸ்எஸ், எஃப், கோ, இப்படி ஒத்தை எழுத்துல பேரு வைக்கறத அவரு ஞாயப்படுத்தறாரு, எது வேணா வரலாம்ங்கற எடத்துல நீளமா பேரு வெச்சாதான் பொய்யாகுமாம். லைப்ரரி எழுதறவங்களுக்கு அது சரி, எக்ஸ்எஸ்னா எக்ஸுக பலதுன்னு கூட பழகிக்கலாம். பில்லிங் கோடுல வாடிக்கையாளருக்கு ‘சி’ன்னும், கிரெடிட் நோட்டுக்கு ‘சி டேஷ்’னும் பேரு வெச்சுட்டுப் போனா அதை என்னன்னு சொல்றது. சோம்பல்னு சொல்லுவேன் நான்.

யாரு போலாம்னா, ஏற்கனவே ஏதாவது ஒரு மொழில வேலை பாத்துட்டு இருக்கறவங்க, கைல ஒரு பழைய கோடு மாட்டிக்கிட்டு முழிக்கறவங்க, கண்ணை மூடிட்டு போலாம். புரோகிராமிங்கே புதுசுன்னா வேண்டாம், அதே மாதிரி ஹாஸ்கெல்ல வேலை வாங்கணும்னு வர்றவங்களுக்கும் ஆகாது, நாலு வாரத்துல நாங்க சொந்தமா எழுதுனது மொத்தமே அம்பது வரி தாண்டாது. சர்ட்டிபிகேட் கிடையாது. ஒரு வாரம் வரலன்னா அது போனதுதான், ஈடு கட்ட மாட்டாரு, பணமும் திரும்பாது, இதை பணம் கட்டறப்பவே நேரா சொல்லிர்றாரு. என்ற மார்க்கு 5க்கு 3.5, மோனாடுக்கு ஒண்ணு, ஜெராக்ஸுக்கு அரை கட்.

காலைல பத்து மணிக்கு கிளாஸு, ஒன்பதரைக்கே நேரமே போயிருங்க, பிளக் பாயிண்ட் மூணுதான் இருக்குது, எட்டு லேப்டாப்பு. வண்டிய ரீவைண்டிங் கடை ஷட்டர் முன்னாடி நிறுத்துனா ஓனர் ஞாயித்துக்கிழமைன்னு கூட பாக்காம வந்து சத்தம் போடறாரு, எதுத்தாப்ல பேக்கரி முன்னால விட்டுட்டு இன்டர்வெல்லுக்கு அங்கயே ஒரு டீயும் தேங்காபன்னும் சாப்ட்டுக்கங்க, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.